மணல் வாளிக்குச் சேர வேண்டிய சத்தம்

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, ஐயா. இஞ்சி கொஞ்சம் தூக்கல், எனக்கு அது பிடிக்கும். எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரே ஒரு வேண்டுகோள். பெஞ்சின் மேல் கிடத்தியிருக்கும் அந்தத் துப்பாக்கியின் வாய் ரைட்டரின் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். காலியாகத்தான் இருக்கிறது என்று கான்ஸ்டபிள் சொல்வார். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நன்றி. இனி நிம்மதியாக எழுதலாம்.

நேற்று நீங்கள் என் முன்னால் நீட்டிய தாளை இரண்டு முறை படித்தேன். அதன் முதல் வரியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். மற்றது இப்படி இருந்தது. பூவராகவன் ரைஸ் மில்லில் காவலுக்கு இருக்கும் ஓய்வுபெற்ற ராணுவ ஹவில்தார் தணிகாசலம், வயது ஐம்பத்திரண்டு, இந்த ஆண்டு 1974 ஆயுத பூஜையன்று முதலாளியின் பிஸ்டலிலிருந்து குண்டுகளை எடுக்கும்போது, வயது காரணமாகவும் கவனக்குறைவாலும் ஒரு குண்டை உள்ளேயே விட்டுவிட்டார். அது தெரியாத முதலாளி விளையாட்டுக்குச் சுட்டதில் கணக்குப்பிள்ளை ஆதிகேசவன் இறந்துபோனார்.

"ஹவில்தாரே, மறந்துட்டேன்னு எய்தியிருக்கேன். ஒரு கையெய்த்து போடுங்க. பெரிய கேஸா வராது. மொதலாளியும் வெளிய வந்துடுவாரு, நீங்களும் ஊட்டுக்குப் போய்க்கினே இருக்கலாம்" என்றீர்கள்.

நல்ல மனதோடு சொன்னீர்கள். சப் இன்ஸ்பெக்டர் தேசப்பன் என்றால் திருவள்ளூர் வட்டாரத்தில் யாரும் கெட்ட வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. லாக்கப்பில் முதலாளி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் பேனாவைத் திறந்துவிட்டேன். 'கவனக்குறைவு' என்ற சொல்லுக்கு வந்ததும் மூடிவிட்டேன். அதனால்தான் இன்று காலையில் சவரம் செய்துகொண்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, நானாகவே வந்து உங்களிடம் வெள்ளைத்தாள் கேட்டேன். போலீஸிடம் எழுதிக் கொடுப்பது கோர்ட்டில் செல்லாது என்று எனக்கும் தெரியும். மாஜிஸ்திரேட் முன்னாலும் இதையேதான் சொல்வேன்.

பதினெட்டு வருஷம் வடக்கே ஓர் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்தேன். துப்பாக்கிகளைத் துடைப்பது, பழுது பார்ப்பது, புதிதாக வருகிறவர்களுக்கு எடுத்துப் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பது, இதுதான் வேலை. சண்டைக்குப் போனீர்களா என்று ஊரில் கேட்பார்கள். போகவில்லை. அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. என் கிடங்கில் அந்தப் பதினெட்டு வருஷத்தில் ஒருவருக்கு நகம்கூடப் பெயர்ந்ததில்லை. சண்டைக்குப் போனவர்களில் எத்தனை பேர் இப்படிச் சொல்ல முடியும்?

அறுபத்தாறில் ஊருக்குத் திரும்பினேன். திருவாலங்காட்டு ரோட்டில் இருக்கும் ரைஸ் மில்லில் பூவராகவன் முதலாளி என்னைக் காவலுக்கு வைத்துக்கொண்டார். ஏக்கர் கணக்கில் நஞ்சை, மில், இரண்டு லாரி, எதிலும் குறைவில்லாதவர். தங்கமான மனுஷர் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் மறுக்கவில்லை. ஒரே ஒரு வியாதி, விளையாட்டு. யாராவது நாற்காலியில் கண்ணயர்ந்தால் அடியில் பட்டாசு கொளுத்திப் போடுவார். லாரி டிரைவரின் செருப்பைப் பூட்ஸ் ஆணி வைத்துத் தரையோடு அடித்துவிடுவார். பிறகு கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரிப்பார், பட்டவருக்குப் புதுச் செருப்பும் வாங்கித் தருவார்.

எழுபதில் ஆர்.கே.பேட்டைப் பக்கம் இரண்டு வீடுகளில் கொள்ளை போயிற்று. அதைக் காட்டி முதலாளி லைசென்ஸ் வாங்கினார், மதராஸுக்குப் போய் ஒரு பிஸ்டலும் வாங்கி வந்தார். உள்ளங்கை நீளம், கறுப்பு, வெளிநாட்டுச் சரக்கு. ஒருமுறை சுட்டால் அடுத்த குண்டு தானே ஏறி உட்கார்ந்துகொள்ளும் வகை. அதை அவர் வேட்டி மடிப்பிலிருந்து எடுத்து, குழலை எனக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "இன்னா ஹவில்தார், எப்டி கீது?" என்றார். ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்து நின்று, நன்றாக இருக்கிறது என்றேன்.

சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அதை நான் எப்படிச் செய்தேன் என்பதை நீங்கள் விவரமாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தத் தாளில் அந்தச் சொல் வந்திருக்காது.

மில்லுக்குப் பின்னால் ஏரிக்கரை. கரை மேட்டில் மண் பானைகளை வைத்தேன். முதல் ஒரு வாரம் குண்டே தரவில்லை, வாயால்தான் பாடம். எந்தத் துப்பாக்கியும் காலி என்று நினைக்காதே. ஓட்டை போட விரும்பாத எதற்கும் நேராகக் குழலைக் கொண்டு போகாதே. குறி பிடித்து முடிக்கும் வரை விரல் விசைக்கு வெளியே நீட்டியபடி இருக்க வேண்டும். சுடும் பொருளுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார். முதலாளி ஒப்பித்தார். பிறகு குண்டு கொடுத்தேன். முதல் குண்டுக்கு இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார், பனைமரம் ஒன்று காயம் பட்டது. "விசையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். மாம்பழம் பழுத்திருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பீர்கள் அல்லவா, அவ்வளவுதான். மூச்சைப் பாதியில் நிறுத்திக்கொண்டு, குழலின் முன்முனையை மட்டும் பார்த்துக்கொண்டு, மெதுவாக" என்றேன். இரண்டாவது வருஷம் பானை உடைந்தது. மூன்றாவது வருஷம் பானையின் கழுத்தைச் சொல்லிச் சுட்டார். வாத்தியாருக்கு அதைவிட என்ன வேண்டும், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

குண்டை இறக்குவதில்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் விபத்தெல்லாம் அங்கேதான். இந்த வகைப் பிஸ்டலில் குண்டுகள் பிடிக்குள் செருகிய ஒரு சின்னப் பெட்டியில் இருக்கும். மேலே ஓர் இரும்பு மூடி, பின்னால் இழுத்துவிட வேண்டியது. இறக்கும்போது முதலில் பெட்டியை உருவ வேண்டும், அதற்குப் பிறகுதான் மூடியை இழுக்க வேண்டும். குழலில் உட்கார்ந்திருக்கும் குண்டு வெளியே குதித்துவிடும், காலி. இதையே மாற்றிச் செய்தால், மூடியை இழுத்ததும் ஒரு குண்டு வெளியே குதிக்கும், மூடி திரும்பும்போது பெட்டியிலிருந்து அடுத்தது அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் பெட்டியை உருவி என்ன பிரயோஜனம்? முதலாளிக்கு இது புரியவில்லை. மில்லைக் காட்டிச் சொன்னேன். மேலே நெல் கொட்டும் வாயை அடைக்காமல் கீழே எவ்வளவு அள்ளினாலும் அரிசி வந்துகொண்டேதான் இருக்கும் என்றேன். உடனே புரிந்துகொண்டார்.

கடைசியாக ஒன்று. மூடியை மூன்று முறை இழுத்து, உள்ளே கண்ணால் பார்த்து, இன்னொருவரையும் பார்க்கச் சொல்லி, அவரும் 'காலி' என்ற பிறகு, குழலை ஒரு மணல் வாளிக்குள் காட்டி விசையை ஒருமுறை அழுத்த வேண்டும். 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். எல்லோரும் ஏமாந்து ஒரு குண்டு உள்ளே இருந்துவிட்டாலும் அது மணலுக்குள் போகும். அந்தச் சத்தம் மணலுக்கு உரியது. எங்கள் கிடங்கில் அதை வேறு எதற்கும் கொடுத்தால் பதினான்கு நாள் தண்டனை.

முதல் ஆயுத பூஜைக்கே முதலாளி கேட்டார். "ஹவில்தார், அந்த டிக்க எனக்கு உட்டுடு."

பூஜை எங்கள் மில்லில் எப்படி நடக்கும் என்று நீங்கள் பார்த்ததில்லை. லாரிகளுக்கு வாழைக்கன்று கட்டி, மெஷினுக்கும் தராசுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, முற்றத்தில் ஒரு மேசை போட்டு, வாழை இலையில் சாமான்களை வரிசையாக வைப்பார்கள். பிஸ்டல் வந்ததிலிருந்து நடு இலை அதற்குத்தான். காலையில் முதலாளி ஏரிக்கரையில் மூன்று பானை சுடுவார். பிறகு முற்றத்தில் எல்லோர் முன்னாலும் நான் குண்டுகளை இறக்குவேன். கணக்குப்பிள்ளை ஆதிகேசவன் எட்டிப் பார்த்து "காலி" என்று கூவுவார். நான் பொட்டு வைப்பேன். பொட்டு வைத்த சாமானைப் பூஜை முடியும் வரை யாரும் திறக்கவோ திருகவோ மாட்டார்கள். கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து முடிந்ததும் முதலாளி பிஸ்டலை எடுத்து, பொரித் தட்டோடு நிற்கும் ஆதிகேசவன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, "கணக்க முடிச்சிடட்டா?" என்பார். டிக். ஆதிகேசவன் செத்துப்போவார்.

அவர் சாவதைப் பார்க்கவே பக்கத்து வயல் ஆட்கள் வருவார்கள். திரௌபதி அம்மன் திருவிழாவில் துரியோதனன் வேஷம் கட்டுகிறவர், விழுவதில் கைதேர்ந்தவர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றி, தூணில் சாய்ந்து, பெண்டாட்டி குணசுந்தரியைப் பார்த்து இரண்டு வரி பாடி, அப்புறம்தான் விழுவார். பொரியில் ஒன்றுகூடச் சிந்தாது. எல்லோரும் கைதட்டியதும் எழுந்து, அதே தட்டிலிருந்து பொரி கொடுப்பார்.

நான் முதலாளியிடம் தனியாகச் சொன்னேன். "மொதலாளி, அந்த டிக் மணலுக்கு. மனுசன் மேல காட்டக்கூடாது."

"மணலு சிரிக்குமா, ஹவில்தார்?" என்றார். அதற்கு எங்கள் கிடங்கில் பதில் சொல்லித் தரவில்லை.

எழுபத்திரண்டாம் வருஷம் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். இந்தக் கேஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் நீங்கள் எப்படியும் கேட்பீர்கள். அந்த வருஷம் ஆதிகேசவனைச் சுட்ட கையோடு முதலாளி சட்டென்று என் பக்கம் திரும்பி மூடியை ஒருமுறை இழுத்து, இன்னொரு டிக் அடித்தார். நான் மேசைப் பக்கம் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தேன். குழல் நம் பக்கம் திரும்பினால் என்ன செய்ய வேண்டுமோ அதைத்தான் செய்தேன். மேசைக்கு அடியில் போனேன். பயிற்சி பெற்ற எவனும் அதைத்தான் செய்வான். பாயசத் தூக்கு என் தலையில் கவிழ்ந்தது. முந்திரிப் பருப்பு காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. முற்றம் முழுக்கச் சிரித்தது. குருக்களும் சிரித்தார். என் பெண்டாட்டி சின்னப்பொண்ணு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஆதிகேசவன் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்து, சல்யூட் அடித்து, "மேசைக்கடி மேஜர், வெளிய வரலாம். சண்டை முடிஞ்சிபோச்சி" என்றார்.

அவ்வளவுதான். கோபப்பட என்ன இருக்கிறது? ஒரு பெயர். டீக்கடையில் சொன்னார்கள், முடிவெட்டும் இடத்தில் சொன்னார்கள். திருவாலங்காடு ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவர் என்னைக் கண்டதும் கவுண்டருக்கு அடியில் ஒளிந்து காட்டினார். என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் தெருமுனையில் வழி கேட்டபோது "மேசைக்கடி மேஜர் ஊடா?" என்றுதான் கை காட்டியிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் மாமன் வெற்றிலை போட்டுக்கொண்டே, "எந்த சண்டையில கெட்ச்ச பட்டம்?" என்று அக்கறையாக விசாரித்தார். அதற்கு முன்னால் ஊரில் எனக்கு ஹவில்தார் என்று பெயர். இரண்டு வருஷத்தில் அது போயிற்று. நான் இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. தேதிவாரியாகச் சொல்ல முடிகிறதென்றால் எனக்கு ஞாபகசக்தி அதிகம், அது வேறு.

நான் கவலைப்பட்டது முழுக்கப் பாதுகாப்பைப் பற்றித்தான். ஒரு விதி தொடர்ந்து மீறப்படுகிறது, யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. அப்படியானால் விதியே பொய் என்று ஜனங்கள் நினைப்பார்கள். மேசைக்கு அடியில் போனவன் கோமாளி, குழலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறவன் தைரியசாலி. இதை இப்படியே விடுவது வாத்தியாருக்கு அழகா?

அதனால் இந்த வருஷம் பூஜைக்குப் பத்து நாள் முன்னாலிருந்து வீட்டில் பழகினேன். இதைக் கவனித்துப் படியுங்கள் ஐயா, ஏனென்றால் உங்கள் தாளில் இது இல்லை. பதினெட்டு வருஷம் ஒரே வரிசையில் வேலை செய்த கை அது. பெட்டி, அப்புறம் மூடி. பெட்டி, அப்புறம் மூடி. அதைத் தலைகீழாகத் திருப்புவது நீங்கள் நினைக்கிற மாதிரி சுலபம் இல்லை. பிஸ்டல் அளவுக்கு ஒரு கட்டையைச் செதுக்கி வைத்துக்கொண்டு மூடி, அப்புறம் பெட்டி என்று பழகினேன். முதல் மூன்று நாள் கை கேட்கவே இல்லை, தானாகக் கீழே பெட்டிக்குப் போயிற்று.

சின்னப்பொண்ணு அரிசி களைந்துகொண்டே, "இன்னா பண்ணிக்கினு கீற? கட்டய வெச்சிக்கினு ஆட்டம்?" என்றாள்.

"பூஜைக்கு ஒத்திகை" என்றேன்.

"இந்த வாட்டியாவது மேசைக்கு அடீல பூந்துக்காம இரு" என்றாள்.

வயதானதால் மறந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தப்புச் செய்வதற்காகப் பத்து நாள் மனப்பாடம் செய்தவனை மறதிக்காரன் என்பது நியாயம்தானா?

பூஜையன்று காலையில் முதலாளி மூன்று பானையையும் மூன்று குண்டில் உடைத்தார். நான்காவது தானே ஏறி உட்கார்ந்தது. பிஸ்டலை வாங்கிக்கொண்டு, குழலைத் தரைக்குக் காட்டியபடி, விரலை வெளியே நீட்டியபடி, முற்றத்துக்கு வந்தேன். மணல் வாளியில் முந்தின நாளே புது மணல் கொட்டி வைத்திருந்தேன், மேசைக்குப் பக்கத்திலேயே, கை நீட்டினால் எட்டும் தூரத்தில். எல்லோரும் சுற்றி நின்றார்கள். மூடியை இழுத்தேன். குண்டு பித்தளைத் தட்டில் 'ணங்' என்று விழுந்தது. எல்லோரும் பார்த்தார்கள். பெட்டியை உருவி இலையில் வைத்தேன். அதையும் எல்லோரும் பார்த்தார்கள். சாட்சி சொன்னவர்கள் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. குண்டு வெளியே வந்தது, பெட்டி வெளியே வந்தது. எது முதலில், மூடியை எத்தனை முறை இழுத்தேன் என்று யார் கவனிக்கப் போகிறார்கள்?

முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பாடத்தைத்தான் நெல்லும் அரிசியுமாக விளக்கியிருந்தேன். அவர் அப்போது டிரைவரின் தலைப்பாகையில் ஊசிப்பட்டாசு செருகிக்கொண்டிருந்தார். பாடம் நடக்கும்போது கவனிக்காத மாணவனுக்கு நான் என்ன செய்ய முடியும்?

நான் இன்னும் ஒரு சந்தர்ப்பம் கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வழக்கப்படி பிஸ்டலை ஆதிகேசவன் பக்கம் சாய்த்து, "பாருங்க" என்றேன். அவர் பார்த்திருந்தால் நான் மூடியை இழுத்திருப்பேன், குண்டு குதித்திருக்கும், அடடா என்று நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பேன், எல்லாம் அதோடு முடிந்திருக்கும். சத்தியமாக அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர் பொரியில் வெல்லம் கலந்துகொண்டிருந்தார். இரண்டு கையிலும் பிசுக்கு.

"நீ பாத்தா நான் பாத்தா மாதிரி. பொட்டு வை, மேசைக்கடி மேஜர்" என்றார்.

பொட்டு வைத்தேன். மூடியும் உடலும் சேரும் இடத்தில் சந்தனத்தைக் குழைத்துத் தடவி, நடுவில் குங்குமம் வைத்தேன். இனி அதை யாரும் திறக்க மாட்டார்கள்.

பூஜை அரை மணி நேரம் நடந்தது. அந்த அரை மணியில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். யோசித்தேன். இரண்டு முறை வாயைத் திறந்தேன், மறைக்க மாட்டேன். ஆனால் குருக்கள் மந்திரம் சொல்லும்போது நடுவில் பேசுவது மரியாதை இல்லை. பிறகு கற்பூரம் காட்டினார்கள். கற்பூரம் எரியும்போது துப்பாக்கியைப் பற்றிப் பேசுவது நன்றாகவா இருக்கும்?

அந்த நேரத்தை நான் வீணாக்கவில்லை. ஆதிகேசவன் வழக்கமாக நிற்கும் இடத்துக்குப் பின்னால் பெண்களும் பிள்ளைகளும் நின்றார்கள். குணசுந்தரி நேர் பின்னால் நின்றுகொண்டிருந்தது. "அம்மா, இங்க தூண் மறைக்குது. அந்தாண்ட வந்தா பூசணிக்கா ஒடைக்கிறது நல்லா தெரியும்" என்று சொல்லி, எல்லோரையும் இடது பக்கம் கூட்டிவந்து நிறுத்தினேன். நிறுத்திவிட்டு மறுபடியும் போய்ப் பார்த்தேன். அவர் நிற்கும் இடத்துக்குப் பின்னால் நெல் மூட்டைகள் மட்டும், மூன்று வரிசை. சுடும் பொருளுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார். நான்காவது விதி.

பூசணிக்காய் உடைந்தது. முதலாளி பிஸ்டலை எடுத்தார். ஒரு விநாடி அவர் மணல் வாளியைப் பார்த்த மாதிரி இருந்தது. அதில் காட்டி அழுத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், நான் ஓடிப்போய் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன். ஆனால் அவர் ஆதிகேசவன் பக்கம் திரும்பினார்.

"கணக்க முடிச்சிடட்டா?" என்றார்.

"வட்டியோட முடிங்க மொதலாளி" என்றார் ஆதிகேசவன்.

ஒரு வாத்தியாராகச் சொல்கிறேன், முதலாளி சுட்டதில் ஒரு குறையும் இல்லை. இரண்டு கையால் பிடித்திருந்தார், முன்முனை நடுநெஞ்சில் இருந்தது, விசையை வெடுக்கென்று இழுக்கவில்லை. மாம்பழம்.

சத்தம் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். டிரைவர் தலைப்பாகையைக் கழற்றி உதறினார், பட்டாசு என்று நினைத்திருக்கிறார். ஆதிகேசவன் சுற்றவும் இல்லை, பாடவும் இல்லை. கால் மடங்கிக் கீழே உட்கார்ந்தார், அப்புறம் பக்கவாட்டில் சாய்ந்தார். பொரி முழுவதும் கொட்டிப்போயிற்று. கூத்து என்று பார்த்தால் போன வருஷத்துக்கு ஈடாகாது. ஆனாலும் கைதட்டினார்கள். கைதட்டி முடித்துவிட்டு அவர் எழுந்திருப்பதற்காகக் காத்திருந்தார்கள்.

குணசுந்தரி சிரித்துக்கொண்டே, "போதும், எய்ந்திரு. புதுச் சட்டை மண்ணாவுது பாரு" என்றது.

இரண்டாம் தடவை சொல்லும்போது அதன் குரலில் சிரிப்பு இல்லை. மூன்றாம் தடவை சொன்னதை நான் எழுத விரும்பவில்லை.

முதலாளியின் கையிலிருந்து பிஸ்டலை நான்தான் வாங்கினேன். அவர் விரல்கள் விடவில்லை, ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். பெட்டி வெளியே இருக்கிறதா என்று பார்த்தேன். சந்தனம் கையில் ஒட்ட மூடியை மூன்று முறை இழுத்தேன். உள்ளே பார்த்தேன். மணல் வாளிக்குள் காட்டி அழுத்தினேன். டிக். நான்கு வருஷமாக அதற்குச் சேர வேண்டிய சத்தம் அன்றைக்குத்தான் சேர்ந்தது. அந்தக் கூச்சலில் அதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பிறகு ஓடிப்போய் என் துண்டால் ஆதிகேசவன் நெஞ்சை அழுத்திப் பிடித்தேன். லாரியில் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்கு வரும் வழியெல்லாம் விடவில்லை. அதற்காகக் குணசுந்தரி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. அதை நினைத்தால் மட்டும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

முதலாளி திருந்திவிட்டார். இனி வாழ்நாளில் ஒரு குழலை மனிதர் பக்கம் காட்ட மாட்டார், குடையைக்கூட யோசித்துத்தான் விரிப்பார். நேற்று லாக்கப் பக்கம் நான் இருமியதற்கே அவருக்கு உடம்பு தூக்கிப் போட்டது. என்னிடம் படித்தவர்களில் பாடத்தை இவ்வளவு முழுதாகக் கற்றுக்கொண்டவர் வேறு யாரும் இல்லை. அவரை இன்றே விட்டுவிடுங்கள், அவர் பேரில் தப்பு இல்லை.

ஆக, ஐயா, நான் புது மணல் கொட்டினேன், பெண்களையும் பிள்ளைகளையும் நகர்த்தினேன், பின்னால் மூட்டைகளைச் சரிபார்த்தேன், பத்து நாள் ஒத்திகை பார்த்தேன், எல்லோருக்கும் ஆளுக்கொரு சந்தர்ப்பம் கொடுத்தேன். நின்றிருந்த நாற்பது பேரில் உத்தேசித்த ஒருவரைத் தவிர யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. இதற்குப் பெயர் கவனக்குறைவா? ஆதிகேசவனை நான் கொன்றேன். தெரிந்து, திட்டமிட்டு, மிகுந்த கவனத்தோடு கொன்றேன். அந்தச் சொல்லை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள். கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொரு திருத்தமும் உண்டு. முதல் வரியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன் என்றேனே. நீங்கள் கொடுத்த தாள் 'மேசைக்கடி மேஜர் என்கிற தணிகாசலம்' என்று ஆரம்பிக்கிறது. ஆறு சாட்சிகளும் அப்படிச் சொன்னதால் எழுதினோம் என்று ரைட்டர் சொல்கிறார். இது கோர்ட்டுக்குப் போகும், அங்கே டவாலி மூன்று முறை சத்தமாக வாசித்துக் கூப்பிடுவார், ஜனங்கள் நின்று கேட்பார்கள். இந்தக் கேஸுக்கும் அந்தப் பெயருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முதலில் அதை அடியுங்கள், ஐயா. கொலையைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.